படுக்க விட்டிருக்கலாம்

என்னை அன்றைக்குக் கீழேயே கிடக்க விட்டிருந்தால் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருப்பேன். இந்த வயதிலும் அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் இருந்தேன். வீடு மேலகரத்தில். கொஞ்சம் வயலும் அதைவிட நிறைய கௌரவமும் உள்ள குடும்பம். அண்ணன் போலீஸ் பயிற்சிக்குத் தேர்வாகிப் போயிருந்தான். நான் டீச்சர் ட்ரெயினிங் போக ஆசைப்பட்டேன். அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற ஒரு பெரிய அதிகாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு என்று சொல்லி, ஏழரைக்கே எங்களை மைதானத்தில் நிறுத்திவிட்டார்கள். மனிதர் வந்து சேரவில்லை. குற்றாலத்தில் சீசன் அல்லவா! எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று பியூன் வந்து சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து, இப்போதுதான் அருவிக்குள் போயிருக்கிறார் என்று அடுத்த செய்தி. அவர் பேரருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்க, நாங்கள் வெயிலில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். சாரல் நின்று நாலைந்து நாளாகியிருந்தது, வெயில் சுள்ளென்று இருந்தது. முட்டியை மடக்கக் கூடாது, அசையக் கூடாது என்பது ட்ரில் டீச்சரின் உத்தரவு. நான் காலையில் சாப்பிடாமல் ஓடி வந்தவள். பத்து மணி வாக்கில் காது அடைத்தது. கொடிக்கம்பம் மஞ்சளாகத் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

மற்றதைப் பக்கத்தில் நின்றவள் பிறகு சொன்னாள். நான் விழுந்ததும் இரண்டு டீச்சர்கள் ஓடி வந்து, கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்களாம். பெரிய மனிதர் வருகிற நேரத்தில் ஒரு வயசுப் பெண் தரையில் கிடப்பதா? தலை தொங்கியது, அதையும் நிமிர்த்திப் பிடித்தார்கள். அப்போதுதான் என் கைகால்கள் வெட்டத் தொடங்கின. தையல் டீச்சர் கத்தினார்.

"ஏட்டி, இது மயக்கம் இல்லட்டி, வலிப்புலா வந்திருக்கு! இரும்பு ஏதாவது கொண்டாங்கட்டி!"

பியூனின் சாவிக்கொத்தை என் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்தார்கள். வெட்டு நிற்கவில்லை. தூக்கிப் பிடித்திருந்தவர்களுக்குக் கை ஓய்ந்து போய் என்னைத் தரையில் போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் நான் கண் விழித்தேன். சாவி வேலை செய்துவிட்டது என்று மைதானமே முடிவு கட்டிவிட்டது!

கையில் இரும்போடு விழித்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பெயர்தான், வலிப்புக்காரி. நான் மேலகரம் போய்ச் சேருமுன் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய டீச்சர் அப்பாவை வரவழைத்து, "டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பிள்ளை வீட்டுல இருக்கட்டும். கிணத்துப் பக்கம் விழுந்து வச்சா யாரு பதில் சொல்லுதது?" என்றார்.

மறு வாரம் தென்காசியிலேயே ஒரு டாக்டரிடம் போனோம். வெளியூர்க்காரர். "விழுந்த உடனே வெட்டுச்சா, தூக்கி நிறுத்தின பிறகு வெட்டுச்சா?" என்று கேட்டார். அதுவரை யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. தூக்கிய பிறகுதான் என்றேன். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். அழுத்தம் குறையுதுன்னு கழுத்து ரத்தக்குழாய்ல இருந்தே மூளைக்குத் தகவல் போயிரும். உடனே மத்த குழாய்கள் இறுகும், நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கும். நடந்தா கெண்டைச்சதை பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும். அந்தக் காலை அசையவிடாம வெயில்ல நிறுத்திட்டாங்க. எவ்வளவு நேரந்தான் சமாளிக்கும்? ஒரு கட்டத்துல குழாய்கள் தளர்ந்து, நெஞ்சும் மெதுவாகி, மூளைக்கு ரத்தம் எட்டலை. படுத்தா எட்டும். விழுந்ததே அவளுக்கு வைத்தியம். அதைக் கெடுத்து நிறுத்தி வச்சா யாருக்கும் கைகால் வெட்டும். இது வலிப்பு நோய் இல்லை."

அதையே நாலு வரியில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார். எனக்கு அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. அப்பா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவாப்பா?"

"பொறு."

பொறுத்தேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. நச்சரித்துக் கேட்டபோது காரணத்தைச் சொன்னார். "கூறு இருக்காட்டி உனக்கு? இதக் கொண்டு குடுத்தா பள்ளிக்கூடத்து ரிக்கார்டுல ஏறிரும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் விசாரிப்பான். ஒண்ணும் இல்லாமலா டாக்டர்ட்ட சர்டிபிகேட் வாங்கினாவன்னு கேப்பான். தானா மறந்துருவாவ, சும்மா இரு."

நோய் இல்லை என்று எழுதிய தாளைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். நான் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன், நெல் அவித்தேன், அடுப்படியில் மணிக்கணக்காக நின்றேன். கிணற்றடிக்கு என்னை அனுப்ப வீட்டில் யாரும் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எனக்கு வலிப்பு!

கார்த்திகை மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்திருந்த நேரம். அப்பா உரக்கப் படித்தார். பரேடில் வெயிலில் நின்று அண்ணன் மயங்கி விழுந்துவிட்டானாம். நிழலில் படுக்கப் போட்டுக் காலை உயர்த்தி வைத்தார்களாம், சீக்கிரமே சரியாகிவிட்டதாம். அங்கே இது சகஜம் என்று எழுதியிருந்தான். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பயலுக்கு வெயில் ஒத்துக்கிடல அண்ணாச்சி! போகப் போகப் பழகிரும்." அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார்.

"எனக்கும் இதேதானப்பா ஆச்சு?" என்றேன், அந்த மனிதர் இருக்கும்போதே.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அவன் ஆம்பளைப் பய. நீ இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளை. உள்ள போட்டீ."

உள்ளே போனேன். அழவில்லை. மறுநாள் அப்பா வயலுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் தென்காசிக்கு நடந்தேன்.

பெரிய டீச்சர் தாளை இரண்டு முறை படித்தார். "பரீட்சைக்குப் பேரெல்லாம் போன வாரமே அனுப்பியாச்சே. உனக்கு வருகையும் பத்தாது," என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆகஸ்ட் மாசத் தேதிலா போட்டிருக்கு? இத்தனை நாளா இது எங்கன இருந்துச்சு?" என்றார்.

"எங்க வீட்டுலதான் டீச்சர்."

அவர் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "ஏட்டி, நிக்காத. உக்காரு, உக்காரு. இங்கன விழுந்து கிழுந்து வச்சிராத," என்றார். சர்டிபிகேட் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.