ஊசிக்குக் கார்டு காட்டாத காவேரி

கம்பெனி பஸ் வருவதற்குள் காவேரி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கரண்டுக் கம்பியைப் பார்ப்பாள். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். கம்பி நேராகத் தெரிந்தால் பையைத் தோளில் மாட்டுவாள். வளைந்து தெரிந்தால் இன்னொரு தடவை. மண்ணூர் கூட்டுரோட்டில் அந்த நேரத்தில் நிற்கிற பெண்கள் எல்லோரும் போனில் முகம் புதைத்திருப்பார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். என் இட்லிக் கடை அங்கேயே இருப்பதால் எனக்குத் தெரியும்.

“இன்னாடி, கம்பிய எண்றியா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இன்னிக்கி சும்மா கீதுக்கா. நேத்து டான்ஸ் ஆடிச்சு” என்றாள்.

நாற்பத்து மூன்று வயது. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். நின்றால் கால் ஆடும், கால் நின்றால் கை எதையாவது தேடும். நான் தட்டு நீட்டினால் இட்லியைப் பார்க்க மாட்டாள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள். ஓரத்தில் கீறல் இருந்தால் வேறு தட்டு கேட்பாள். தொழில் அப்படி. ஒரகடம் பக்கம் கார் ஹெட்லைட் செய்கிற கம்பெனியில் கடைசி மேஜை அவளுடையது. லைட்டின் மூடி ஒவ்வொன்றாக வரும். வெள்ளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல், குமிழி, புள்ளி எதுவும் இல்லையென்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருந்தால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். கண்ணுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்தக் கண்ணில்தான் சர்க்கரை வியாதி போய் உட்கார்ந்தது.

குன்றத்தூரில் முருகனைக் கும்பிட்டு இறங்கி, அப்படியே கண் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். வலது கண்ணுக்குப் பின்னால் நீர் கசிகிறது, மாசா மாசம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் விலையைக் கேட்டாள். முதலில் வந்த வெளிநாட்டு மருந்து, ஒரு ஊசிக்கே அவளுடைய மாதச் சம்பளத்தை முழுசாகக் கேட்டது. அதைப் பார்த்து நம் நாட்டில் பிறகு செய்த மருந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு. விலை குறைந்தால் வேலையும் குறையுமோ என்று அவளுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்த்துத்தான் விற்க விடுகிறார்கள், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்றார் டாக்டர். அவள் விடவில்லை. இரண்டு குப்பியையும் காட்டச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“ரெண்டும் ஓகே பீஸ்தான் டாக்டர். கம்மி வெலையே போடுங்க” என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

பணம் கட்டுகிற இடத்தில் ஷெர்லின் என்கிற பெண் கார்டா, கேஷா என்று கேட்டாள். காவேரியிடம் கார்டு இருந்தது. சம்பளம் கொஞ்சம் ஏறியதும் ஈஎஸ்ஐ நின்றுபோய், அதற்குப் பதில் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு. ஷெர்லின் பொறுமையாகச் சொன்னாள்: இந்த ஊசிக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு உண்டு. வெளிநாட்டு மருந்தென்றால் நாலு ஊசியில் அது தீர்ந்துவிடும், மிச்சம் கைக்காசு. நம்ம ஊர் மருந்தென்றால் வருஷம் பூராவும் ஓட்டலாம். ஒன்றே ஒன்று, கம்பெனி எச்ஆருக்கு மெயில் போகும், அவர்கள் சரி சொன்னால்தான் இன்சூரன்ஸ்காரன் கொடுப்பான்.

“என்ன ட்ரீட்மெண்டுன்னு அதுல போட்டிருக்குமா?”

“போடாம எப்படிக்கா?”

“அப்ப கேஷ்.”

கம்பெனியில் காவேரிக்கு முன்னால் அந்தக் கடைசி மேஜையில் இருந்தவள் பாப்பம்மாள். கண்ணில் புரை என்று தெரிந்ததும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் பேக்கிங்கையே காண்ட்ராக்ட்டுக்கு விட்டுவிட்டார்கள். பாப்பம்மாள் இப்போது வீட்டில் இருக்கிறாள். ஆகவே காவேரி வாய் திறக்கவில்லை. காதில் கிடந்தது முதல் ஊசிக்கே போனது. பிளாஸ்டிக் தோடு ஏறியது. அவள் புருஷன் வெங்கடேசன் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. என் கடையில் வைத்தே கேட்டார்: “கார்டுக்கு மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான்ல? அத்த இன்னா, பூஜை ரூம்ல வெச்சு கற்பூரம் காட்டப் போறியா?”

“நீ ஓட்ற வண்டிக்கு ரெண்டு லைட்டும் எரியுதா பாரு மொதல்ல” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மூன்று ஊசியில் கம்பி ஆடுவது நின்றது. சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். ஆனால் அவள் அமைதியாகவில்லை. முன்னைவிடப் பரபரத்தாள். கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய மூடியில் கீறல். யார் ஷிப்டில் போனது என்று இன்னும் தெரியவில்லையாம். அன்றிலிருந்து ஒவ்வொரு மூடியையும் இரண்டு தடவை பார்க்கிறாள், லைன் தேங்குகிறது. சூப்பர்வைசர் பிரவீன் வயசில் தம்பி மாதிரி. “என்னக்கா, லைட்டுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?” என்று கேட்டானாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. “அது என்னுதுதான்க்கா. கம்பி ஆடுன அன்னிக்கி கீறல் கீதா இல்லியான்னு எனக்கே தெர்ல. தெரியாமயே பச்சை ஒட்டிட்டேன்.”

நான் சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

போன வாரம் மறுபடி குன்றத்தூர் போனோம். டாக்டர் இடது கண்ணையும் படம் எடுத்துப் பார்த்தார். அதிலும் கசிய ஆரம்பித்திருக்கிறது. இனி இரண்டு கண்ணுக்கும் ஊசி. விலை குறைந்த மருந்தாகவே இருந்தாலும் கைக்காசில் இரண்டு கண்ணை ஓட்ட முடியாது என்பது அவளுக்கு, எனக்கு, வெளியே ஆட்டோவில் காத்திருந்த வெங்கடேசனுக்கு, எல்லோருக்கும் தெரிந்தது. தள்ளிப் போட்டால் கண்ணே போய்விடும் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

ஷெர்லினுக்கு இவள் பழக்கம்தான். கேஷ் என்று பாதி எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தாள். காவேரி கவுண்டர் மேல் கார்டை வைத்திருந்தாள். அதன் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஷெர்லின் கார்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காவேரியின் கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, கையை எடுங்க.”

நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தியிருந்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் கால் ஆடவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

விரலை எடுக்கவில்லை. அதே கட்டைவிரலால் கார்டை மெல்ல ஷெர்லின் பக்கம் தள்ளினாள்.