காற்றை நிறுத்தச் சொன்னவள்

நாற்பத்தேழு வயதான பிறகும் அந்த வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். அண்ணன் கூப்பிட்டுப் பழகி, அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அண்ணன் பிள்ளைகளும் 'சின்னவங்க' என்று மரியாதை கூட்டிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வேலை மட்டும் சின்ன வேலை இல்லை. நாட்டின் மின்சாரம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று கண்காணிக்கும் பகிர்வு மையத்தில் அவள் பணிப் பொறியாளர். ஒரு சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கக் கோடுகள், மேசைமேல் ஆறு தொலைபேசிகள்.

மின்சாரம் பிறந்த நொடியிலேயே யாராவது அதைச் செலவழித்தாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இரண்டு தட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மூன்று ஷிப்டாக மாறி மாறி வரும் இந்த வேலையைப் பற்றிக் கேட்டதுமே பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறும் முன் எழுந்து போனார்கள். அவளும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு நிலக்கரிக் கப்பல் பதினோரு நாள் தாமதமாக வந்தது. கடல் கொந்தளிப்பு என்றார்கள், விற்ற நாடு விலையை ஏற்றிவிட்டது என்றார்கள். எதுவானால் என்ன, தெருத் தெருவாக மின்சாரத்தை நிறுத்தும் பட்டியலைத் தயாரித்தது சின்னவள். பட்டியலில் அவள் தெருவும் இருந்தது, அண்ணனின் லேத் பட்டறை இருந்த தெருவும் இருந்தது.

"ஊர்ல எவன் வீட்டுல தங்கச்சியே கரண்டைப் புடுங்குறா?" என்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் தனியா ஒயர் இழுத்து விடட்டுமாண்ணே?"

"விடேன். அண்ணன்தானே."

"கப்பல் வரட்டும்."

"எவனோ ஒருத்தன் கப்பலை விடுறப்பதான் நான் மிஷினை ஓட்டணுமா?" என்றார் அவர். அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி அது. சின்னவள் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கப்பல் வந்து சேர்ந்தது. அதே வருடம் மழைக்காலமும் வந்தது. ஊரெல்லாம் குளிர்ந்துவிட மின்விசிறி ஓடுவது நின்றது, தேவை விழுந்தது. அப்போது பார்த்து மலைக் கணவாயில் காற்று பேயாய் அடித்தது. நிலக்கரி உலையை ஓர் அளவுக்கு மேல் தணிக்க முடியாது. அணைத்துவிட்டால் மறுபடி உயிர் பெற ஒரு நாள் ஆகும். மிஞ்சும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடமும் கிடையாது. ஆகவே காசு கேட்காத காற்றைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் வேலை சின்னவளுடையது.

காற்றாலைகளின் மின்சாரமெல்லாம் வந்து சேரும் துணை மின் நிலையம் கணவாயின் மேட்டில் இருந்தது. அங்கிருந்து பேசுபவரை மையத்தில் எல்லோரும் மேட்டுக்காரர் என்பார்கள். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் உத்தரவு சொல்ல வேண்டும், மற்றவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், முதலாமவர் 'சரி' என்ற பிறகே கை வைக்க வேண்டும். திருப்பிச் சொல்வது கேட்டதற்கு அடையாளம் மட்டுமே, அதை ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்று விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் தனியாகவே அச்சிட்டிருந்தது.

"மேட்டு நிலையம். ரெண்டு மணிக்கு அறுபது மெகாவாட் குறைங்க."

"ரெண்டு மணிக்கு அறுபது மெகாவாட் குறைக்கிறேன்."

"சரி."

ஒன்பது வருடப் பழக்கம் இவ்வளவுதான். ஆனாலும் காதுக்கு மட்டுமே தெரிந்த மனிதரைக் காது நன்றாகவே தெரிந்துகொள்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு கம்பிக் கதவு காற்றில் முனகுவதும், தேநீர் டம்ளரை வைக்கும்போது தட்டு இல்லாமல் வைக்கிறார் என்பதும், இருமல் வந்தால் வாய்க்குழலை மூடிக்கொண்டு இருமுகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் ஷிப்டு எதுவென்று பார்த்துத் தன் ஷிப்டை மாற்றிக்கொள்ளவும் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் அறுபதைத் திருப்பிச் சொல்லி, அவள் சரி என்ற பிறகும் தொலைபேசியை வைக்கவில்லை.

"முப்பத்திரெண்டு காத்தாடி நிக்குது மேடம். இவ்ளோ காத்துல. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

சின்னவளுக்கு நெஞ்சில் என்னவோ எழுந்தது. வாயில் வேறு வந்தது. "லைன்ல ரெக்கார்டு ஓடுது."

"சரி மேடம்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் விதிக்கு வெளியே ஒரு சொல் அவரிடமிருந்து வந்ததில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. நிறுத்தும் உத்தரவைத் திருப்பிச் சொன்ன பிறகு ஒரு மூச்சு நேரம் பொறுத்துத்தான் தொலைபேசியை வைப்பார். அந்த மூச்சு அவளுக்கா, நிற்கப் போகிற காற்றாடிகளுக்கா என்று அவள் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். தானே வாய் பூட்டிவிட்ட ஒருவரின் அடுத்த வாக்கியத்துக்காக ஒரு மனுஷி ஆறு வருடம் ஏங்க முடியுமா என்றால், முடிந்திருக்கிறது.

அடுத்த நாற்காலிக்காரி அவள் வயதுக்காரி. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். புதுச் செய்தியை முதலில் கொண்டுவந்ததும் ரேடியோதான்.

"ஒண்ணாந் தேதியில இருந்து எல்லாம் கம்ப்யூட்டராம். நீ பட்டனைத் தட்டினா அங்க காத்தாடி தானா நிக்குமாம். மேட்டு நிலையத்தைப் பூட்டிடுவாங்க. உன் மேட்டுக்காரருக்கு வேற ஊரு."

"என் மேட்டுக்காரரா?"

"பின்ன என்னுதா? மனுஷன் தனி ஆளு. சம்சாரம் தவறி எட்டு வருஷம் ஆச்சாம். ஒண்ணாந் தேதிக்கு அடுத்த திங்கக்கிழமை சாவி குடுத்துட்டுப் போறாராம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"நான் கேட்டேன். நீதான் கேக்க மாட்டேங்குறியே."

கணவாய் அடிவாரத்தில் வெள்ளைப் பெட்டிகளாகப் பேட்டரிகளை வரிசையாக நிறுத்தி ஒரு மாதமாகச் சோதித்து வந்தார்கள். மிஞ்சும் மின்சாரத்தை நாலு மணி நேரத்துக்குப் பிடித்து வைக்கும். நாலு மணி நேரம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. கப்பல்கள் இன்னமும் வரத்தான் போகின்றன. என்றாலும் மதியம் அடித்த காற்றில் மாலையில் ஒரு பட்டறை ஓடும் என்றால், அதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. மாதத்தின் கடைசி நாளான புதன்கிழமை அவற்றை மின் கட்டமைப்பில் சேர்த்தார்கள்.

அன்று மதியம் ஒன்றரைக்குக் கணவாயில் காற்று ஏறியது. திரையில் பச்சைக் கோடு செங்குத்தாய் எழும்பியது. பழக்கத்தில் சின்னவளின் வாய் அறுபதுக்குத் தயாரானது. பேட்டரியின் கட்டத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. தொலைபேசியை எடுத்தாள். ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டாள்.

"மேட்டு நிலையம். எதையும் குறைக்க வேண்டாம். மொத்தமும் விடுங்க."

அந்தப் பக்கம் கம்பிக் கதவு இரண்டு முறை முனகியது.

"எதையும் குறைக்கலை. மொத்தமும் விடுறேன்."

"சரி" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். வைத்தால் அந்தத் தொலைபேசிக்கு அதுவே கடைசி.

"சரி" என்றாள். வைக்கவில்லை. "இப்ப எத்தனை காத்தாடி நிக்குது?"

"ஒண்ணும் நிக்கலை மேடம்."

"பாக்க எப்படி இருக்கு?"

டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"லைன்ல ரெக்கார்டு ஓடுது மேடம்."

ஆறு வருடம் அதை அப்படியே எடுத்து வைத்திருந்து, ஒரு சொல் குறையாமல் திருப்பித் தந்துவிட்டார். அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று காதால் பிரிக்க முடியவில்லை. சின்னவள் மேலதிகாரியின் கண்ணாடி அறையை ஒரு தரம் பார்த்தாள். அவர் யாருடனோ பேட்டரியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடட்டும்" என்றாள். பிறகு, வேறு எப்படிப் பேசுவதென்று தெரியாததால், உத்தரவு சொல்லும் குரலிலேயே சொன்னாள். "மேட்டு நிலையம். ஞாயித்துக்கிழமை, பதினோரு மணி. காத்தாடி பாக்க ஒரு ஆள் வருது. கேட்டைத் திறந்து வைங்க."

மேட்டுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். அண்ணியிடம் என்ன சொல்வது, எந்தச் சேலை, அவர் முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வரிசையாக வந்து நின்றன.

"ஞாயித்துக்கிழமை" என்றார் அவர், எண்களைச் சொல்லும் அதே நிதானத்தில். "பதினோரு மணி. காத்தாடி பாக்க ஒரு ஆள் வருது. கேட்டைத் திறந்து வைக்கிறேன்."

ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. திருப்பிச் சொன்னால் கேட்டது என்று மட்டும்தான் பொருள். அவள் அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தாள். மூச்சு வந்தது, போனது. தொலைபேசி வைக்கப்படவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்."

ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

"கேக்கலையா?"

"கேட்டுது" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சின்னவள் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மொத்தக் காற்றும் வந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக, சொல்லத் தொடங்கினாள்.