டிஸ்கோ பாடகியும் ஒரு ஃபிளாப் பாட்டும்

போன மாதம் ஒரு காலை. வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது; என் கணவர் ரவி ஜெபல் அலி வேர்ஹவுஸுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படுக்கையறைக்குள்ளிருந்து ஓர் ஆங்கிலப் பாட்டு. மெதுவாக, உருகி உருகி ஒரு பெண் குரல்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் தானாகப் போட்டுக் கேட்ட பாட்டு என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. கச்சேரிக்கு அழைத்துப்போனால் தூங்குகிற மனிதர். அவர் இப்போது அதே பாட்டை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி மறுபடி... அதுவும் கண்ணை மூடிக்கொண்டு!

உங்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது.

"என்னங்க, புதுசா பாட்டெல்லாம்?"

"ரோட்டா? இன்னைக்கு ட்ராஃபிக் இருக்காதும்மா."

மனசு இங்கே இல்லை என்று முடிவுகட்டினேன்.

கல்லூரியில் படிக்கும் மகள் நித்யாவிடம் விசாரணையை ஒப்படைத்தேன். போனைத் தட்டினாள்.

"அம்மா, ஷி இஸ் எ டிஸ்கோ சிங்கர்! டான்ஸ் பாட்டெல்லாம் செம ஹிட். பட் திஸ் ஒன்... டோட்டல் ஃபிளாப்."

அமெரிக்கத் தரவரிசையில் அடிமட்டத்தில் எட்டிப்பார்த்துவிட்டு, சீக்கிரமே காணாமல் போயிருக்கிறது. ஆட வந்தவர்கள் அழுகிற பாட்டை யார் கேட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள் போல. ஒரே ஒரு நாட்டில் மட்டும் அது உச்சிக்கே போயிருக்கிறது. அங்கே இன்றைக்கும் கரோக்கேயில் அதைப் பாடுகிறார்களாம்.

எந்த நாடு? பிலிப்பைன்ஸ்.

எனக்குத் திக்கென்றது. அவருடைய வேர்ஹவுஸில் ஜாய் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் சூப்பர்வைசர் உண்டு. ரவியின் போனை எடுத்துப் பார்த்தேன். (பார்க்கக் கூடாதுதான். நீங்கள் பார்க்கமாட்டீர்களா?) பாட்டை அனுப்பியது ஜாயேதான். கீழே ஒரு வரி - 'இன்றைக்கும் கேட்டீர்களா?'

அந்த வாரமே கம்பெனியின் குடும்ப விருந்து. இருப்பதில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஜாய் தானாகவே என்னைத் தேடி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"மேடம், ரவி உங்ககிட்ட சொன்னாரா? அவர் காதைப் பத்தி?"

"காதா?"

"சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸ்ல வந்துச்சு. ஹாரன் அடிச்சாங்க, கத்தினாங்க... அவர் திரும்பவே இல்லை. நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."



டாக்டரிடம் போகச் சொன்னால், 'எனக்கு நல்லா கேட்குது' என்று அடம் பிடித்தாராம். அதனால்தான் இந்தப் பாட்டு.

"டிஸ்கோன்னா தாளத்துக்குத் தலையாட்டிச் சமாளிச்சிடுவார். இதுல முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கும். பாட்டு என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லுங்கன்னேன். இன்னும் பாதிதான் சொல்றார்."

திரும்பும்போது முவைலா சிக்னலில் கார் நின்றது. ஜாய் சொன்னதை அவரிடம் சொன்னேன். சத்தமாக, முகத்தைப் பார்த்து. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"சொன்னா வேலை போயிடுமோன்னு பயமா இருந்துச்சும்மா. வேலை போனா விசா போச்சு. நித்யா படிப்பு பாதில நிக்கும். அந்தப் பாட்டு முழுசாக் கேட்டுட்டா எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்னு நெனச்சேன்... கேட்கவே மாட்டேங்குது."

பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. அவர் கிளம்பவில்லை. நான் தோளைத் தொட்டதும்தான் கிளம்பினார்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். இரண்டு காதுகளுக்கும் மெஷின். கம்பெனி அவரை வேர்ஹவுஸ் தளத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கு மாற்றியது. விசாவுக்கு ஆபத்தில்லை.

மெஷின் மாட்டிய முதல் நாள் அந்தப் பாட்டைப் போட்டார். கடைசிவரை அசையாமல் கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தப் பொம்பளை விட்டுட்டுப் போறேன்னு பாடுதுன்னு இவ்ளோ நாள் நெனச்சிருந்தேன்மா. போகமாட்டேன்னுல்ல பாடுது!"

இப்போது அவருக்கு எல்லாமே கேட்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் தாளிப்பது கூட. 'குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுங்க' என்பது மட்டும் விழுவதில்லை.

மெஷின் மேல் எனக்கு லேசாகச் சந்தேகம்.