ஏறித்தான் அளப்பேன்

குத்தாலத்தில் வங்கி வேலை. விடுமுறை நாட்களில் குஷன் தைப்பேன். கிழிந்த என் ஸ்கூட்டர் சீட்டுக்கு நானே ரெக்சின் போட்டதில் தொடங்கிய பொழுதுபோக்கு, நாகப்பட்டினம் விசைப்படகுகள் வரை போய்விட்டது. சாதாரண நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும் என்பதை, முதல் படகுச் சீட் பிரிந்து வந்தபோதுதான் கற்றேன். அதன்பின் நைலான் நூல்தான்.

ஒரு படகுக்காரர், படகு ஓட்டுபவரின் இருக்கைக்கு மெத்தை கேட்டார். டேப்போடு துறைமுகத்துக்குப் போனேன்.

"பொம்பளைங்க படகுல ஏறக்கூடாதும்மா. அளவ நானே எடுத்துத் தர்றேன்."

அந்த அளவுக்கே தைத்தேன். இருக்கையின் பின்பக்கம் வளைவு. அவர் அளந்ததோ நேர்க்கோட்டில். துறைமுகத்தில் அவர் வைத்துப் பார்த்தபோது மெத்தை பொருந்தவில்லை.

"தப்பாத் தச்சிட்டீங்களேம்மா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. படகின் முகப்பில் அவர் மகள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒங்க பொண்ணு பேரோடதான தெனம் கடலுக்குப் போறீங்க? நான் ஏறினா மட்டும் ஆகாதா?"

கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிவிட்டேன். வளைவை அட்டையில் வரைந்துகொண்டுதான் இறங்கினேன்.

இரண்டாவது மெத்தை கச்சிதமாகப் பொருந்தியது. நான் ஏறியதை மறைக்க, அளவைத் தானே எடுத்ததாக அவர் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். இப்போது எந்தப் படகுக்காரர் கூப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

"ஏறித்தான் அளப்பேன். இல்லேன்னா வெறும் பலகையிலயே உக்காந்து ஓட்டிக்கங்க."