தோளில் விழுந்த கை

செப்டம்பர் 3, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்துவிட்டு வந்து துண்டை உதறி, பட்டென்று தோளில் வீசிப் போட்டுக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். முட்டை அவித்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், ஷூவைத் துடைத்தேன். மதுரையில் இருந்தபோதும் இதே வரிசைதான். சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் என் அறையிலிருந்து ஜிம்முக்கு நடந்தே போவேன். வழியில் சாக்கடை ஓரமாக ஊதுபத்திகள் குத்தியிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் ஆரஞ்சுப் பழமும். காகிதம் எரித்த சாம்பல் காற்றில் பறந்தது. கடல் கடந்து நான் வந்து சேர்ந்த இந்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் பத்து நாளாக இதே காட்சி. சீனர்களின் ஏதோ வழிபாடு என்று எண்ணி, மிதிக்காமல் ஒதுங்கி நடந்தேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. என் மனதில் வேறொன்று இருந்தது. ஜிம்மிலிருந்து என்னை வெளியேற்ற யாரோ வேலை செய்கிறார்கள், அந்த ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறு வயதில் பெர்சனல் டிரெய்னராக இங்கே வந்தேன். இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால்தான் வேலை பெர்மிட், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மதுரையில் எனக்கிருந்த ஜிம்மை மூடிவிட்டு வந்தவன் நான், திரும்பிப் போய் நிற்க அங்கே இடம் இல்லை. டிரெய்னருக்குப் பலம் அவனிடம் பயிற்சி எடுப்பவர்கள்தான். அவர்கள்தான் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் போனது மேடம் லிம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முழங்கால் வலியோடு வந்து, என்னிடம் பயின்று, மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தவர். "திஸ் மன்த் கென்னாட் லா, கோச். நெக்ஸ்ட் மன்த்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார். இந்த மாதம் முடியாதாம், அடுத்த மாதமாம். மரியாதையாகக் கழற்றிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மறுநாளே அவர் ஜிம்மின் இன்னொரு டிரெய்னரான பிரகாஷிடம் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்தேன். அவரோடு காலையில் வரும் மற்றச் சீனப் பெண்களும் ஒவ்வொருவராக அவன் பக்கம் போனார்கள்.

பிரகாஷ் கடலுக்கு அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாக்காரன். தினமும் கடல் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். முப்பது வயது. வந்த புதிதில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்தது அவன்தான். அதனாலேயே சந்தேகம் கூடியது. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே! டிரெட்மில் பக்கம் நின்று மேடம் லிம்மிடம் தணிந்த குரலில் பேசுவான். நான் நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். ஒப்பந்தம் பற்றி மேனேஜர் ஓங்கிடம் கேட்டபோது, "லேட்டர், லேட்டர்" என்று கையை ஆட்டினார். அங்கும் இவன் ஏதோ ஓதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அந்தப் புதன்கிழமை மதியம், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் பக்கத்து மாமாக் கடையில் பிரகாஷ் எனக்கெதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்னாண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"என் ஆளுங்களை எல்லாம் எடுத்துக்கிட்டு, மூஞ்சியைப் பத்தி விசாரிக்கிறியா?"

தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நான் எடுத்தேனா? அவங்கதாண்ணே ஓடி வந்தாங்க. ஒங்க கைக்குப் பயந்து."

"என் கை என்ன செஞ்சுச்சு?"

"மேடம் லிம் தோள்ல தட்டுனீங்கல்ல?"

தட்டியது உண்மைதான். மதுரையில் ஒருவர் பளுவை நன்றாகத் தூக்கி இறக்கினால் இரண்டு தோளிலும் தட்டிக்கொடுப்போம். தட்டாவிட்டால் மாஸ்டருக்கு ஏதோ கோபம் என்று அவர் வருத்தப்படுவார். அன்று மேடம் லிம் கைப்பிடி இல்லாமல் உட்கார்ந்து எழுந்தார். மகிழ்ச்சியில் தட்டினேன்.

"இது சீனவங்களுக்கு ஏழாம் மாசம்ணே. பேயெல்லாம் ரோட்டுல சுத்துமாம். அதுக்குத்தான் சோறு வைக்கிறாங்க, தாள் எரிக்கிறாங்க. மனுஷனுக்கு ரெண்டு தோள்லயும் வெளக்கு எரியுதாம். அது எரியிற வரைக்கும் பேய் கிட்ட வராது. தட்டுனா அணைஞ்சிரும். நீங்க ஒன்னு இல்ல, ரெண்டையும் அணைச்சிட்டீங்க லா! அன்னிக்கே அந்தம்மாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் படுத்துட்டாங்க. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? என்னப் பாத்தாலே மொறைக்கிறீங்க. அவங்க வேற ஜிம்முக்குப் போயிடக் கூடாதுன்னு நான் புடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த மாசம் ஒங்ககிட்டத்தான் வருவாங்க."

"அப்ப ஓங்?"

"இந்த மாசத்துல எந்தத் தவுக்கே மொதலாளியும் புதுசா கையெழுத்துப் போட மாட்டாருண்ணே. ஏன், ஊர்ல நீங்க ஆடி மாசத்துல கட தொறப்பீங்களா?"

மதுரையில் ஆனியிலேயே இயந்திரங்கள் வந்து இறங்கியும், ஆடி முழுக்க ஷட்டரைப் பூட்டி வைத்து, வாடகையும் கொடுத்து, ஆவணி பிறந்த பிறகு ஜிம்மைத் திறந்தவன் நான். எனக்கு ஒரு மாதம் உண்டென்றால் அவர்களுக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றாமல் போனது.

ஆனாலும் பழகிப்போன சந்தேகம் உடனே இறங்கவில்லை. எதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறானே, இதுவும் கட்டிய கதையோ என்று யோசித்தேன். அதை வெளியில் காட்டாமல், "சரி தம்பி" என்று எழுந்து, வழக்கம்போல அவன் தோளை நோக்கிக் கையை நீட்டினேன். நாற்காலியோடு பின்னால் துள்ளினான். தேத்தண்ணீர் மேசையெல்லாம் கொட்டியது.

"அண்ணே! இந்த மாசம் வேணாம் லா!"

முகம் வெளுத்திருந்தது. கதை கட்டுகிறவன் அப்படித் துள்ள மாட்டான். என் சந்தேகம் அந்த மேசையிலேயே முடிந்தது. நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம் அவனுடையது. நெற்றியில் மாரியம்மன் கோவில் குங்குமம் இருந்தது. தோள்களில் சீனர்களின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் அவன் சேர்த்தே சுமந்துகொண்டிருந்தான், பாரமே தெரியாமல். நீட்டிய என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து துண்டை உதறினேன். வீசிப் போடக் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. என் தோளில் ஏதாவது எரிகிறதா, எரிந்தால் அது மதுரையில் ஏற்றியதா, இங்கே வந்தபின் ஏற்றியதா, தெரியவில்லை. துண்டை மடித்து, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலச் சத்தமில்லாமல் தோளில் வைத்தேன். அதன் பிறகுதான் கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.