முகமில்லாத மூவரைத் தேடி ரிவர்ஸ்டன் பாதையில்

சனிக்கிழமை காலை 7.40. மாத்தளை நிலையத்தில் ரத்தோட்டை பஸ் புறப்படும்போதே தூறல் தொடங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் வானத்தைத் திட்டினார். எனக்கோ சந்தோஷம். மழை வேண்டும் என்று ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் போகிறவள் மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மடியில் பொலித்தீன் சுற்றிய ஒரு படச்சுருள். மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிடும் ஜப்பானியப் படமொன்றின் பிரதி. எங்கள் பாடசாலையில் தொண்டராகப் படிப்பித்த ஜப்பானியப் பெண் ஊர் திரும்பும்போது தந்தது. ஒரு மலைப்பாதை. கோடு கோடாய் மழை. வைக்கோல் போர்வையும் அகன்ற தொப்பியுமாக மூன்று பேர் குனிந்து நடக்கிறார்கள். ஒருவருக்கும் முகம் தெரியாது. பின்னால் மலை அடியில் கடும் நீலமாய்த் தொடங்கி, மேலே போகப் போக வெளுத்து இல்லாமலே போகிறது. ஏழு வருடம் என் அறைச் சுவரில் தொங்கியது.

வியாழக்கிழமை இதை ஒன்பதாம் வகுப்பில் விரித்துவைத்து வாய் ஓயாமல் புகழ்ந்தேன். பின்வரிசை வாங்கிலிருந்து தர்ஷினி எழுந்தாள்.

"டீச்சர், இதுலயும் மூஞ்சி இல்லயே?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடேறியது. முந்திய வாரம் அவள், மழையில் நடக்கும் மூன்று கொழுந்து பறிக்கும் பெண்களை வரைந்து வந்திருந்தாள். முகங்களே இல்லை. "முகம் கீறிக்கொண்டு வா பிள்ளை. இல்லாட்டில் சித்திரப் போட்டிக்கு அனுப்ப மாட்டன்" என்று திருப்பிக் கொடுத்தேன். "மழையில அப்படித்தான் டீச்சர் தெரியும்" என்றாள் அவள். திங்கட்கிழமை படங்களை அனுப்ப வேண்டும். பிழை அவளுடையதா, என்னுடையதா என்று அதற்குள் என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் கிளம்பினேன்.

8.25. ரத்தோட்டை. பஸ்ஸுக்குத் தொண்ணூறு ரூபாய். தர்ஷினி இருக்கும் தேயிலைத் தோட்டம் அங்கிருந்து பதின்மூன்று கிலோமீற்றர். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு ஓட்டோ பேசினேன். ஓட்டுநர் குமாரும் அதே தோட்டத்துக்காரர்தான்.

"இந்த மழையில மேல போயி என்னத்தப் பார்க்கப் போறீங்க டீச்சர்? மலையே தெரியாதுங்க."

"மழையைத்தான் பார்க்கப் போறன்."

"அது இங்கயும் பெய்யுதுங்களே!"

யாழ்ப்பாணத்தாளுக்கு மழையின் அருமை அதிகம் என்று நினைத்திருப்பார்.

9.30. தோட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. குமார் ஓட்டோவை ஓரங்கட்டினார். திரையை விலக்கி, மடியில் படத்தை விரித்தேன். வெளுத்த வானத்தில் மழை கண்ணுக்குத் தெரியவே இல்லை. கீழே கறுத்த தேயிலைச் சரிவின் முன்னால் வந்ததும் ஒவ்வொரு தாரையும் தனித்தனிக் கோடாய் நின்றது. படத்தைப் பார்த்தேன். அங்கும் கோடுகள் மலையின் முன்னால்தான் அழுத்தமாக இருந்தன. செதுக்கியவர் வீட்டுக்குள் இருந்து செதுக்கவில்லை, நனைந்திருக்கிறார்.

சரிவில் மூன்று பெண்கள் இறங்கி வந்தார்கள். தலையில் சாக்கு, முதுகில் பொலித்தீன். முகம் என்று எதுவும் இல்லை.

"முன்னால வர்றது தர்ஷினியோட அம்மாங்க" என்றார் குமார்.

"எப்படித் தெரியும்? முகம் தெரியேல்லையே!"

"மூஞ்சி எதுக்குங்க? எடது கால சாய்ச்சு வைக்கிறதப் பாருங்க. தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மறுபடி படத்தைப் பார்த்தேன். மூவரில் நடுவில் இருப்பவர் பாரத்தை ஒரு குதிகாலில் மட்டும் தாங்கி நடக்கிறார். ஏழு வருடம் தினமும் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. அந்த ஆளைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருந்திருப்பார்கள்.

தர்ஷினியின் தாய் இந்திராணி என்னைக் கண்டதும் பதறிப்போனார். மழை கடுமை என்று வேலையை நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போகும் வழியெல்லாம் எனக்குச் சமாதானம் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க சொல்லியும் கேக்கலன்னு நேத்து நல்லா ஏசிட்டேன். இப்ப மூஞ்சி போட்டுட்டா. வந்து பாருங்க."

நடையை எட்டிப் போட்டேன்.

10.15. படம் மேசையில் இருந்தது. கொட்டும் மழையில் மூன்று வட்ட முகங்கள், சிவந்த உதடுகள், ஆளுக்கொரு புன்னகை. அச்சுப் பிசகாமல் நான் கேட்டபடியே இருந்தது. தர்ஷினி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிழை என்னுடையது பிள்ளை. நீ கீறினதுதான் சரி. திருப்பிக் கீறு."

"பேப்பர் இல்ல டீச்சர். இதுதான் கடைசி."

கடைக்கு என்றால் ரத்தோட்டைக்குத்தான் இறங்க வேண்டும். குமார் எப்போதோ போய்விட்டார். சுருளை எடுத்தேன். மேசையைத் துடைத்து, ஜப்பானியப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் சுத்த வெள்ளை.

"ஐயோ டீச்சர், இது ஒங்க படம்!"

"கீறு."

அவள் உடனே தொடவில்லை. தாளை நிமிர்த்தி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் அந்த மூவரையும் நெடுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை செதுக்குவார்கள் என்றேன். "அப்ப மழைக்குன்னே தனியா ஒரு கட்டை இருந்திருக்கும்" என்றாள். பிறகு கவிழ்த்து வைத்துத் தூரிகையை எடுத்தாள். முதலில் வந்தது ஒரு இடது கால். இந்திராணி தந்த பால் விடாத பிளேன்ரீ என் கையிலேயே ஆறிப்போனது.

3.50. கீழே இறங்கும் பஸ். மழை விட்டிருந்தது. இன்னும் முழுதாகக் காயாத படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரத்தோட்டை வரை நின்றே வந்தேன். என் அறைச் சுவர் இனி வெறுமைதான், பரவாயில்லை. திங்கட்கிழமை போட்டிக்கு இதுதான் போகும். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று நடுவர்கள் தீர்மானிக்கட்டும்.