காலி வயிற்றோடு படுத்த வண்டி

சூடேறிய பிளாஸ்டிக்கின் மெல்லிய வாசனையும், சார்ஜருக்குள் சுழலும் சின்ன விசிறியின் "கிர்ர்" என்ற ஓசையும் நடையிலிருந்து அடுப்படி வரை பரவிவிட்டால், அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டாள் என்று பொருள். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரக் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டின் நடையில், மயில்நீல நிறத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நின்றது. இருக்கைக்கு அடியில், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம்தான் என்று நான் நினைத்து, தூக்கப் பார்த்துத் தோற்றுப்போன நான்கு ஈய பேட்டரிகள். லைசென்ஸ் வேண்டாம், கியர் கிடையாது, ஓடுகிற சத்தமும் கேட்காது. தெருவில் அதற்கு "ஊமை வண்டி" என்று பெயர்.

ஆண்டைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று என் தம்பியின் பிறந்தநாளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். 2012-ன் பிற்பகுதி. ஊரெங்கும் மணிக்கொரு தடவை கரண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அம்மா சாணார்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் அங்கன்வாடி ஆசிரியையாக இருந்தாள். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நெடுந்தூரம் நடை, திரும்பி வரும் பஸ்ஸோ பொழுது சாயும்போதுதான். ஸ்கூட்டரில் போனால் மதியச் சாப்பாட்டு வேலை முடிந்த கையோடு வீடு வந்து சேரலாம். தம்பி வயிற்றிலிருந்தபோது அவள் விடுப்பெடுத்துக்கொண்டு காந்திகிராமத்துக்குப் பக்கத்திலிருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். நானும் அப்பாவும் வண்டியும் இங்கே.

அப்பா வெங்காயப் பேட்டையில் எடை போடுகிறவர். ஆனாலும் வளர்ந்ததெல்லாம் தோட்டத்தில். மருந்தடிக்கும் ஸ்பிரேயரோடும் டீசல் மோட்டாரோடும் பழகிய கை. வேலை முடிந்த பருவத்தில் ஸ்பிரேயரிலிருக்கும் பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துத் துடைத்துச் சாக்கில் சுற்றி வைக்காவிட்டால், அடுத்த பருவத்தில் உள்ளே பிசின் பிடித்துக் கிளம்பாது என்பது தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. "எந்த மெசினையும் காலி வயித்தோடதான் படுக்கப் போடணும்" என்பார் அப்பா. மனைவியின் வண்டியை அவள் திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சார்ஜ் காட்டும் முள் சிவப்பில் விழுந்த பிறகும் விடவில்லை. எதிர்த்த வீட்டு மளிகைக்கடை பஷீர் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்ன மாப்ள, பிள்ளை வரம் கெடச்ச பெறகும் பிரகாரம் சுத்துற?"

"கரண்டத் தீத்துக்கிட்டு இருக்கேன் மாமா."

"தீத்துட்டு?"

"மூடி வைக்கப் போறேன்."

கடைசியில் வண்டி நின்ற இடத்திலிருந்து வீடு வரை அப்பாவும் மாமாவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா துடைத்து, பழைய வேட்டியால் போர்த்தி, திருப்தியாகக் கை கழுவினார்.

ஐப்பசி மழையில் அம்மா கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்; தள்ளிப்போட்டால் அந்த ஊருக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். திட்டமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேட்டையில் விடியற்காலை வேலையை முடித்து அப்பா வந்துவிடுவார், அம்மா மதியம் வந்து தம்பிக்குப் பால் கொடுப்பாள், இடையில் ஒரு வேளை மட்டும் புட்டிப்பால். வேட்டியை விலக்கிச் சார்ஜரைச் செருகினார் அப்பா. விசிறி சுற்றவில்லை. விளக்கு எரியவில்லை. கரண்டு இருக்கிறதா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம். அது சுற்றிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வண்டியை விற்ற பேட்டரிக்கடை சேவியர் அண்ணன் நான்கையும் வெளியே எடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்றின் பக்கவாட்டு உப்பியிருந்தது.

"காலியாப் போட்டிகளாக்கும்?"

"வடிச்சுட்டுத்தானப்பா போட்டேன்!" என்றார் அப்பா, பெருமை இன்னும் முழுதாகக் குறையாத குரலில்.

"அங்கனதேன் தப்பு. இதுக்கு நெறவயிறு வேணும்ணே. நெறச்சுப் போட்டு, சும்மா கெடந்தாலும் மாசம் ஒருக்கா ஊட்டணும். காலியாக் கெடந்தா உள்ள இருக்க ஈயத் தகட்டுல உப்புப் பூத்துரும்." பிறகு அவரே சிரித்துவிட்டார். "தோட்டக்காரவுக அம்புட்டுப் பேரும் இதத்தேன் செஞ்சுட்டு வாராக. விக்கிறப்பவே நாஞ் சொல்லியிருக்கணும்."

அன்றிரவு அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்துக்கு இந்த அலச்சல்? கொஞ்ச நாள் போகட்டுமே."

"கொஞ்ச நாள் போனா அந்த வேலையும் சேந்து போயிரும்" என்றாள் அம்மா. தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டாள். "வண்டியப் படுக்க வச்சது நீங்க. எந்திரிக்க வைங்க."

புதுசாக நான்கு பேட்டரி வாங்குவது அந்த மாதம் நடக்கிற காரியமில்லை. வண்டியோடு வந்த பெரிய சார்ஜர் செத்த பேட்டரியை ஏறெடுத்தும் பார்க்காது, சின்ன சார்ஜரில் ஒவ்வொன்றாக, மெதுவாக, விட்டுவிடாமல் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார் சேவியர் அண்ணன். "விட்டுவிடாமல்" என்பதுதான் சிக்கல். மணிக்கொரு தடவை போகிற கரண்டை வைத்துக்கொண்டு எதை விடாமல் செய்வது?

வழி கண்டுபிடித்தவர் பஷீர் மாமா. எங்கள் தெருவில் கரண்டு போகும்போது அவருடைய கடை இருந்த அடுத்த தெருவில் வரும், அங்கே போகும்போது இங்கே வரும். மின்விசிறி நின்றதும் பேட்டரியைக் கடையின் மூன்றுசக்கரச் சைக்கிளில் ஏற்றி அப்பா அங்கே மிதிப்பார். அங்கே விளக்கணைந்ததும் திரும்பி இங்கே. சனியும் ஞாயிறும் இப்படியே கழிந்தன. நாங்கள் துரத்திக்கொண்டு ஓடியது கரண்டை என்பது தெரியாதவர்கள் அப்பா வீட்டைக் காலி செய்கிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

"பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்தது மாமியா வீடு. பேட்டரிக்குப் பத்தியம் பாக்குறது நாந்தானா?" என்று மாமா எதிர்வாசலிலிருந்து கத்துவார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்தே பதில் சொல்வாள்: "நல்லாப் பாருங்கண்ணே. காய மருந்து கொஞ்சம் கூடப் போடுங்க."

ஞாயிறு மாலை மூன்று பேட்டரிகள் உயிர் பிழைத்தன. உப்பியது பிழைக்கவில்லை, அதன் இடத்தில் சேவியர் அண்ணன் தன்னிடமிருந்த பழையது ஒன்றை வைத்து, "பழைய தெம்பு இருக்காதுக்கா. போறதுக்குப் போயிரும், திரும்பி வாரதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

வண்டி போய்விடும், திரும்பி வராது. அப்பா மறுபடியும் வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பேச விடவில்லை. திங்கட்கிழமை காலை சார்ஜரைப் பையில் போட்டு முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மீதியை அவள் சொல்லித்தான் கேட்டேன். அங்கன்வாடிக்குச் சற்று முன்னாலேயே வண்டி மூச்சு வாங்கி நின்றிருக்கிறது. தள்ளிக்கொண்டு போனவளை, வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த மரியாயி அக்கா கூப்பிட்டிருக்கிறார்.

"எங்கிட்டு டீச்சரு தள்ளிக்கிட்டு வாரீக? பெட்ரோல் தீந்துபோச்சா?"

"பெட்ரோல் இல்லக்கா, கரண்டு."

"கரண்டா? இந்தா இருக்குல்ல" என்று, மாவாட்டும் கிரைண்டருக்காக வெளிச்சுவரில் வைத்திருந்த பிளக்கைக் காட்டியிருக்கிறார். சர்க்கார் கட்டிடத்துக் கரண்டைச் சொந்த வண்டிக்கு எடுப்பதா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டு போன அம்மாவுக்கு அந்தக் கவலை அங்கேயே தீர்ந்தது. "காசுக் கணக்கெல்லாம் வேணாம். எம் பேத்தி ஒங்க அங்கன்வாடிக்கு வந்தும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஒரு பாட்டுச் சொல்லிக் குடுங்க, போதும்" என்றிருக்கிறார்.

அன்று மதியம் தம்பி புட்டியைத் தட்டிவிட்டு அலறிக்கொண்டிருந்தான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். ஊமை வண்டி சத்தம் கொடுக்காது என்பதால் அவர் காதை நம்பாமல் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி முனையில் திரும்பியது. அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கைகளை நீட்டினாள்.

இப்போது அந்த மணிக்கணக்கு மின்வெட்டு இல்லை. ஈய பேட்டரி ஸ்கூட்டர்களும் எங்கள் தெருப் பக்கம் கண்ணில் படுவதில்லை. அம்மாவின் புது வண்டியில் லித்தியம். பேட்டரியைக் கழற்றி மாடிக்கே தூக்கிக்கொண்டு போகலாம். போய்வந்த பிறகும் பாதிச் சார்ஜ் மிஞ்சுகிறது. அதே ஊரில் அதே வேலைதான். ஆனால் காலையில் அந்தத் தோப்புப் பாதையில் ஸ்கூட்டரில் போகிறவள் அவள் மட்டுமல்ல. மில்லுக்கும் தையலுக்கும் போகிற பெண்கள், டவுனுக்குப் படிக்கப் போகிற மரியாயி அக்காவின் பேத்தி என்று வரிசையாகக் கடக்கிறார்கள். போன மாதம் என்னையும் ஒருநாள் கூட்டிப்போய் மரியாயி அக்கா வீட்டு வெளிச்சுவரைக் காட்டினாள். ஒரு பிளக் இருந்த இடத்தில் நான்கு பிளக்குகள், மேலே தகரக் கூரை, அடியில் நெருக்கிக்கொண்டு ஐந்து வண்டிகள். அம்மா இப்போதெல்லாம் அங்கே நிறுத்துவதில்லை. நிறுத்த நினைத்தாலும் இடம் கிடைப்பதில்லை.